கரையிற் கிடக்கும் கொங்கிறீற்று: போல் விரிலியோவின் 'பங்கர்த் தொல்லியல்' பற்றிய ஓர் ஆய்வு

அரண்களைப் பற்றி எழுந்த நூல்கள் பெரும்பாலும் இருவகைப்படும். போர்த்தொழில் வல்லார் எழுதியவை ஒருவகை. அவற்றுள் மதிலின் கனமும் பீரங்கியின் வீச்சும் கணக்கிடப்பட்டிருக்கும். வரலாற்றாசிரியர் எழுதியவை மற்றொரு வகை. அவற்றுள் முற்றுகையும் வெற்றியும் தோல்வியும் முறைப்பட உரைக்கப்பட்டிருக்கும். இவ்விரண்டனுள்ளும் அடங்காத நூலொன்று 1975ஆம் ஆண்டிற் பிரெஞ்சு மொழியில் வெளிவந்தது. இரண்டாம் உலகப் போரின்போது ஜேர்மானியர் மேலை ஐரோப்பாவின் கடற்கரையில் எழுப்பிய காவலரண்களை ஒரு பழைய நாகரிகத்தின் எச்சங்களைப் போலக் கண்டு ஆராயும் நூல் அது. இயற்றியவர் போல் விரிலியோ. நூலின் பெயரைத் தமிழிற் 'பங்கர்த் தொல்லியல்' எனலாம். 1994ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்ட பின்னர் அது பிரான்சின் எல்லையைக் கடந்து பரவியது. கடற்கரைப் போரரண்களைப் பற்றி இன்று எழுதப்புகுவார் அதனைத் தொடாது செல்லுதல் அரிது. அத்துணைச் செல்வாக்குப் பெற்ற நூல் கண்ணுக்கு எதனைக் காட்டுகின்றது, எதனைக் காட்டாது விடுகின்றது என்பதே ஈண்டு ஆராயப்படும் பொருளாகும்.

விரிலியோ 1932ஆம் ஆண்டிற் பாரிசிலே பிறந்தவர். போர்க்காலத்தில் நாந்த் என்னும் நகரிற் சிறுவனாக வாழ்ந்தவர். 1943 செப்டெம்பரில் நேசநாட்டு விமானங்கள் அந்நகரைக் குண்டு வீசி அழித்ததைக் கண்ணாரக் கண்டவர். நாந்த் கடலுக்கு அணித்தாயிருந்தும் சிறுவனாகிய அவர் கடலைக் கண்டதில்லை. ஏனெனிற் கரையோரம் முழுவதும் ஜேர்மானியராற் செல்லுதற்கு விலக்கப்பட்ட நிலமாயிருந்தது. போர் முடிந்த பின்னரே அவர் அத்திலாந்திக்குக் கடலை முதன்முதற் கண்டார். ஆளற்ற மணற்பரப்பும் அதன்மேற் கறுத்துக் கிடந்த காவலரண்களும் அவருக்கு ஒருங்கே அறிமுகமாயின. கடலையும் அரணையும் பிரித்தெண்ண அவரால் என்றும் முடியாமற் போனமைக்கு இது காரணம் போலும். பின்னாளிற் கண்ணாடி ஓவியக் கலை பயின்று, மத்தீஸ், பிராக் முதலிய பேரோவியருடன் பணிபுரிந்தார். 1958ஆம் ஆண்டுக் கோடையிற் பிறித்தனிக் கரையிலுள்ள சென் கேனோலேக்கு அருகில் ஓர் அரணிற் சாய்ந்திருந்தபொழுது இவற்றை ஆராய வேண்டுமென்ற எண்ணம் பிறந்ததென அவரே எழுதுகின்றார். அன்று தொடங்கி 1965 வரை ஏழாண்டுகள் கரைநெடுக அலைந்து கறுப்பு வெள்ளைப் படங்களை எடுத்துத் தொகுத்தார். 1975ஆம் ஆண்டின் இறுதியிற் பாரிசிலுள்ள அலங்காரக் கலைகளின் அருங்காட்சியகத்தில் அப்படங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. நூல் அக்காட்சியோடு உடன்பிறந்தது.

நூலின் பொருளாகிய அத்திலாந்திக்கு மதிலின் வரலாறு சுருக்கமாக அறியத்தக்கது. 1942 மார்ச்சு 23ஆம் நாள் ஹிட்லர் பிறப்பித்த நாற்பதாம் இலக்கக் கட்டளை கரைக்காவலுக்கு வித்திட்டது. ஐந்து நாட் கழித்துப் பிரித்தானியர் சென் நசேர்த் துறைமுகத்தைத் தாக்கினர். அவ்வாண்டு ஓகஸ்ட் 19ஆம் நாள் டியெப் நகரில் இறங்கிய ஏறத்தாழ 6,000 பேரிற் பெரும்பாலோர் கனடியர். அவருள் 900க்கு மேற்பட்டோர் மாண்டனர். துறைமுகத்தை நேரே தாக்குதல் பேரிழப்பை விளைக்கும் என்பதை நேசநாட்டார் அங்கே கற்றனர். கரையிலே தடுத்தல் இயலும் என ஜேர்மானியரும் அங்கேயே கற்றனர். அவ்வோகஸ்டிலேயே 15,000 அரண்களை 1943 மே முதலாம் நாளுக்கு முன் கட்டிமுடிக்க வேண்டுமென ஹிட்லர் ஆணையிட்டார். அவ்வளவும் குறித்த நாளில் முடியவில்லை. நோர்வேயின் வடகோடி முதற் பிரான்சின் தென்மேற்கு எல்லை வரை ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் நீண்ட கரையிலே ஒரு கோடி கன மீற்றருக்கும் மேற்பட்ட கொங்கிறீற்று வார்க்கப்பட்டது. 1944 யூன் 6ஆம் நாள் நோர்மண்டியில் ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் கடல்வழியும் வான்வழியும் வந்திறங்கினர். ஒரே நாளில் மதில் பிளவுபட்டது. ஆயினும் அந்நாளோடு அது முற்றும் வீழ்ந்ததெனக் கூறுதல் பிழை. லோரியான், சென் நசேர், லா றொஷெல் முதலிய துறைகளிற் புகுந்திருந்த ஜேர்மானியர் 1945 மே வரை பணியவில்லை. மக்கள் நினைவிலும் திரைப்படங்களிலும் இச்செய்தி பெரும்பாலும் விடுபட்டுப் போகின்றது.

நூலின் சிறப்பு உருவத்தைப் படிக்கும் திறத்தில் உள்ளது. இதனை எவ்வளவு பாராட்டினும் மிகையாகாது. காவலரணின் விளிம்புகள் ஏன் வளைந்துள்ளன என்று விரிலியோ வினவுகின்றார். குண்டு வந்து தாக்குமிடத்து வழுகிச் செல்லவும், வானிலிருந்து நோக்குவார்க்கு நிழல் கூர்மையாகத் தோன்றாதிருக்கவும் அவ்விளிம்புகள் மழுக்கப்பட்டன. ஆகவே ஒரு கட்டடத்தின் வடிவை அதனுள் வாழ்வோரின் தேவை தீர்மானிக்கவில்லை. அதனை அழிக்க வருவோரின் கருவியே தீர்மானித்தது. பழைய வீடோ கோயிலோ நிலத்தில் அடித்தளம் ஊன்றி எழும். காவலரணுக்கு அத்தகைய அடித்தளம் இல்லை. அது தன் எடையையே தனக்குத் துணையாகக் கொண்டு மண்மேற் கிடக்கின்றது. அருகிற் குண்டு வீழ்ந்து மண் அசையுமிடத்துப் படகு போலத் தானும் அசைந்து கொடுக்கும். போர் முடிந்தபின் கடல் மணலை அரித்துச் சென்றபொழுது இவ்வரண்கள் இடியாமலே சாய்ந்தமைக்கும், சில குப்புற விழுந்தமைக்கும் காரணம் இதுவே. சாய்ந்து கிடக்கும் அரணைக் கண்டோர் அதனை அழிவு என எண்ணுவர். விரிலியோவோ அதிலே கட்டடத்தின் இயல்பே வெளிப்படுகின்றது என்று காட்டுகின்றார். கண்ணாடி ஓவியம் பயின்ற கண்ணுக்கே இது புலனாகும். பொறியியலார் பலர் இவ்வரண்களை அளந்துள்ளனர். ஒருவரேனும் இவ்வாறு பார்த்ததாகத் தெரியவில்லை.

'ஒற்றைக்கல்' என்னும் பொருள்படத் தலைப்பிட்ட இயலிலே இவ்வாராய்ச்சி உச்சநிலை அடைகின்றது. செங்கல்லாலோ கருங்கல்லாலோ கட்டப்பட்ட சுவரிற் பொருத்துகள் உண்டு. வார்த்தெடுத்த கொங்கிறீற்றிலே பொருத்தே இல்லை. முழுக்கட்டடமும் ஒரே கல்லாய் நிற்கின்றது. இதனை எகிப்தியரின் மஸ்தபாக் கல்லறைகளுடனும் எத்துருஸ்கரின் புதைகுழிகளுடனும் ஒப்பிட்டு, காவலரண் போர்க்கருவி என்பதினும் பிணத்தைக் காக்கும் வீட்டையே மிகுதியும் ஒத்தது என்கின்றார். உயிரோடிருப்பவரைக் காக்கக் கட்டியது இறந்தோரின் இல்லத்தின் சாயலைப் பெற்றமை ஏன்? வானூர்தியும் விரைவும் பெருகிய காலத்தில் அசையாது நிற்கும் அரண் தோன்றும்போதே காலாவதியாகிவிட்டது. அதனைக் கட்டியோரும் அதை உள்ளூர அறிந்திருந்தனர் என்பது அவர் விடை. ஹிட்லர் தம் ஐரோப்பியக் கோட்டைக்குக் கூரைபோட மறந்துவிட்டார் என்னுங் கருத்துப்பட 1943இல் அமெரிக்கத் தலைவர் ரூஸ்வெல்ற் எள்ளியதும் இங்கே நினைக்கத்தக்கது.

இவ்விடத்தில் தமிழ் மரபின் அளவுகோலையும் வைத்துப் பார்த்தல் பொருந்தும். தொல்காப்பியர் மதில் வளைத்தலையும் காத்தலையும் உழிஞைத் திணையில் அடக்கினார். பிற்காலத்துப் புறப்பொருள் வெண்பாமாலை காத்தலை நொச்சி எனத் தனித்திணையாக்கியது. திருவள்ளுவர் அரண் என ஓரதிகாரமே வகுத்தார். நீர், நிலம், மலை, காடு என இயற்கையரணை எண்ணி, உயர்வு அகலம் திண்மை அருமை என மதிலின் இலக்கணத்தைக் கூறி, உள்ளிருப்போர்க்கு உணவும் துணைவீரரும் வேண்டுமென விரித்துச் செல்லும் அவ்வதிகாரம், எத்துணை மாட்சியுடைய அரணாயினும் செயற்றிறம் இல்லாதார்க்குப் பயனற்றது என்னுங் கருத்தோடு முடிகின்றது. 1944 யூனில் நோர்மண்டியில் நிகழ்ந்ததற்கு இதனினுஞ் சிறந்த உரை இல்லை. மேற்குப் படைகளின் தலைவராயிருந்த ருண்ட்ஸ்ரெட் இம்மதில் பெரிதும் பிரசாரப் பொய்யே எனப் போருக்குப்பின் கூறினார். துணைப்படைகளை எங்கே நிறுத்துவது என்பதில் அவரும் ரொம்மலும் ஒத்துப்போகவில்லை. வள்ளுவர் அரணை உள்ளிருப்போரின் வினையோடு சேர்த்து அளக்கின்றார். விரிலியோ உள்ளிருந்தோர் போனபின் எஞ்சிய ஓட்டை அளக்கின்றார். இரண்டும் வேறுவேறு கேள்விகள். எனினும் முதற் கேள்வியைக் கேளாமல் இரண்டாவதற்கு முழுவிடை காணவியலுமா என்பது ஐயமே.

இந்நூலின் முதற்குறை இவ்வையத்திலிருந்தே தோன்றுகின்றது. 1958இலும் அதற்குப் பின்னும் விரிலியோ கண்டது மதிலின் ஒரு பகுதியையே. 1943ஆம் ஆண்டின் இறுதியிற் கரையை மேற்பார்வையிட வந்த ரொம்மல் கொங்கிறீற்றை மாத்திரம் நம்பவில்லை. அலைவாய்க் கரையிலே மரக்கட்டைகளை நட்டு அவற்றின் முனையில் வெடிகளைப் பொருத்தினார். இரும்புச் சட்டங்களைக் குறுக்காக இணைத்து முட்கள் போல நிறுத்தினார். வானிலிருந்து மிதவை விமானம் இறங்காதபடி வயல்களிற் கம்பங்கள் நாட்டுவித்தார். தாழ்நிலங்களை நீரில் மூழ்கடித்தார். படையெடுப்பு நிகழ்ந்த வேளையில் ஏறத்தாழ ஐம்பது அறுபது இலட்சம் கண்ணிவெடிகள் விதைக்கப்பட்டிருந்தன; அவர் விரும்பியது அதனிற் பன்மடங்கு. கட்டை உளுத்தது, இரும்பு பழைய இரும்பாக விலைபோயிற்று, கண்ணிவெடி அகற்றப்பட்டது. அகற்றியவர் யார் என்பதும் வரலாற்றில் உண்டு. டென்மார்க்குக் கரையில் 1945ஆம் ஆண்டிற் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட வெடிகளை அகற்றும் வேலை சரணடைந்த ஜேர்மானியப் படையினர் மேற் சுமத்தப்பட்டது. அவருட் பலர் மாண்டனர், பலர் உறுப்பிழந்தனர். 2015இல் வெளிவந்த 'மணலின் அடியில்' என்னும் டேனியத் திரைப்படம் இதனையே பொருளாகக் கொண்டது. ஆக, எஞ்சி நின்றது கொங்கிறீற்று ஒன்றே. எஞ்சியதை மட்டும் கண்ட ஆசிரியர் அதனையே மதிலின் சாரமாகக் கொண்டு, அதன் கல்லறைத் தோற்றத்தைப் போரின் உட்பொருளாக உயர்த்திவிடுகின்றார். முதுமக்கட் டாழியை மாத்திரம் கண்டவர் அக்காலத்து மக்கள் சாவையே எண்ணிக்கொண்டிருந்தனர் என்று முடிவு கட்டுவதை இஃது ஒக்கும். கல்லறைத் தோற்றத்தின் ஒரு பங்கு அதனை வார்த்தோரின் எண்ணத்தில் இருந்திருக்கலாம். மற்றொரு பங்கு உளுத்துப்போகாத பொருளின் தன்மையால் வந்தது. இவ்விரண்டையும் நூல் வேறுபடுத்தவில்லை.

இரண்டாங் குறை இதனினும் ஆழமானது. 'பங்கர்' என்னுஞ் சொல் ஈழத்தின் வடக்கிலும் கிழக்கிலும் வாழ்வோர்க்கு உரை வேண்டாத சொல். 2009 வரை நீடித்த உள்நாட்டுப் போரிலே மக்கள் தம் வளவுகளிற் குழி தோண்டி, பனங்குற்றி பரப்பி, மண்மூடை அடுக்கி அமைத்த பதுங்குகுழிகளை அப்பெயராலேயே வழங்கினர். அங்கே குழியை வெட்டியவரும் அதனுள் ஒளித்தவரும் ஒருவரே. ஆதலின் அந்நிலத்து வாசகர் ஒரு பங்கரின் படத்தைக் கண்டவுடன் இதனை வெட்டியவர் யார் என்று இயல்பாகவே கேட்பர். அத்திலாந்திக்கு மதிலை வார்த்தவர் வேறு, அதனுள் இருந்தவர் வேறு. வார்த்தவர் யார் என்ற வினாவுக்கு விரிலியோவின் நூலில் ஓர் இயல் இல்லை.

மதிலைக் கட்டுவித்தது தொட் நிறுவனம். அதனை அமைத்த பிறிற்ஸ் தொட் 1942 பெப்ரவரி 8ஆம் நாள் விமான விபத்தில் இறக்க, அவர் இடத்துக்கு வந்தவர் அல்பேட் ஸ்பியர். ஸ்பியருக்கு இந்நூலில் தனி இயல் உண்டு. அவர் ஆணையின்கீழ் வேலை செய்தோரோ பலவகையினர். கூலிபெற்று விரும்பி வந்த தொழிலாளர் சிலர். இலாபங் கருதி ஒப்பந்தம் எடுத்த பிரெஞ்சுக் கட்டட முதலாளிகளும் சிலர். இவர்களைப் பற்றிப் போருக்குப்பின் பிரான்சிற் பேசுவார் அரிதாயினர். பிராங்கோவிடம் தோற்று அகதிகளாய் வந்த ஸ்பானியக் குடியரசினர், 1943 பெப்ரவரியில் விதிக்கப்பட்ட கட்டாய உழைப்புச் சட்டத்தாற் பிடிக்கப்பட்ட இளைஞர், சோவியத்து நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள் எனப் பலர் வற்புறுத்தலால் வந்தவர். பெல்ஜியத்திலிருந்து 1942 கோடையில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட யூதர் வடபிரான்சின் கரைக்கு அனுப்பப்பட்டு இவ்வேலையில் ஈடுபடுத்தப்பட்டனர். அவருட் பெரும்பாலோர் அவ்வாண்டு ஒக்டோபர் இறுதியில் அங்கிருந்தே அவுஷ்விற்ஸ் முகாமுக்குச் செல்லும் புகைவண்டிகளில் ஏற்றப்பட்டனர்.

ஓல்டர்னி என்னுஞ் சிறுதீவின் கதை இதற்கு ஏற்ற சான்று. ஆங்கிலக் கால்வாயிலுள்ள அத்தீவின் மக்கள் 1940 யூனில் ஏறத்தாழ முற்றாக வெளியேறிவிட, ஜேர்மானியர் அதனை முழுவதும் அரணாக்கினர். அங்கே நான்கு முகாம்கள் இருந்தன. அவற்றுள் சில்ற் என்னும் முகாம் 1943 மார்ச்சில் எஸ்.எஸ். படையின் கைக்குச் சென்றது. மாண்டோர் தொகைபற்றிப் பல்லாண்டு காலம் வாதம் நிலவியது. சிலர் நூற்றுக்கணக்கென்றனர், சிலர் பல்லாயிரமென்றனர். பிரித்தானிய அரசின் சார்பில் அமைந்த அறிஞர் குழு 2024 மேயில் வெளியிட்ட அறிக்கை, குறைந்தது ஏழாயிரத்து அறுநூறுக்கு மேற்பட்டோர் அங்கே உழைப்புக்குக் கொண்டுவரப்பட்டனர் எனவும், மாண்டோர் 641க்கும் 1,027க்கும் இடைப்பட்டவராதல் கூடும் எனவும் கணித்தது. இத்தொகை விரிலியோ எழுதிய காலத்தில் வரையறுக்கப்பட்டிலது. அது குறித்து அவர்மேற் குறை காணுதல் நேர்மையாகாது. ஆயினும் கைதிகளின் உழைப்பு 1975இல் மறைவான செய்தியன்று.

இவ்விரு செய்திகளையும் இணைக்கும் பொறி ஒன்று கொங்கிறீற்றிலேயே இருக்கின்றது. விரிலியோ வியந்துரைக்கும் பொருத்தில்லாத ஒற்றைக்கல் எவ்வாறு உண்டாகின்றது? சுவரும் கூரையும் இரண்டு மீற்றர் கனமுடைய ஓர் அரணை இடைவிடாது வார்க்க வேண்டும். நேற்று வார்த்தது இறுகியபின் இன்று அதன்மேல் வார்த்தால் இடையிலே ஒரு பொருத்து உண்டாகும். குண்டடிபட்டால் அங்கேதான் பிளக்கும். ஆகவே வார்ப்புத் தொடங்கினால் இரவு பகல் பாராது முடியும்வரை நடத்தல் வேண்டும். மூடை சுமப்போரும் மணல் அள்ளுவோரும் குழைப்போரும் முறைமாறி முறைமாறி உழைத்தால்தான் ஒற்றைக்கல் கிட்டும். ஆசிரியர் எந்த இயல்பைக் கலைக்கண்ணால் உயர்த்துகின்றாரோ அவ்வியல்பு அத்தொழிலாளரின் உறக்கத்தை விலையாகக் கொண்டு பெறப்பட்டது. எகிப்தியக் கல்லறையோடு ஒப்பிட்டபொழுதும் கல்லறைக்குரியவனை நினைத்தாரேயன்றிக் கல்லிழுத்தவரை நினைத்தாரில்லை. இக்குறை பிரெஞ்சு ஆசிரியர் ஒருவருக்கே உரியதுமன்று. மதிலின் பொறிகளை விரித்துப் பாடிய தமிழ்ப் புலவரும் அம்மதிலுக்கு மண் சுமந்தவரைப் பாடினாரல்லர்; உழிஞையிலும் நொச்சியிலும் அவர்க்குத் துறை இல்லை.

விரிலியோவின் சார்பில் ஒரு விடை கூறப்படலாம். அவர் இவ்வரண்களை அழகென்று புகழவில்லை. கரையோர மக்கள் இவற்றை வெறுத்ததையும், பலர் அஞ்சி அருகே செல்லாதிருந்ததையும், விடுதலைக்குப்பின் சிலர் பழிதீர்ப்பதுபோல் இவற்றைச் சிதைத்ததையும் அவரே பதிவு செய்துள்ளார். வெறுப்பினால் எவரும் நோக்க மறுத்த பொருளை நோக்கத் துணிந்தமை அவர் பெருமை. இவ்விடை ஏற்கத்தக்கதே. எனினும் அவருடைய அடுத்த பணியை நோக்குமிடத்துச் சிறிது தயக்கம் உண்டாகின்றது. குளோட் பரான் என்னுங் கட்டடக் கலைஞருடன் சேர்ந்து நெவேர் நகரிற் புனித பேர்ணதெற் பெயரால் ஒரு தேவாலயத்தை அமைத்தார். 1966இல் நிறைவுற்ற அத்தேவாலயம் வெளித்தோற்றத்தில் அப்படியே ஒரு காவலரண். பேர்ணதெற் காட்சி கண்டது லூர்து நகரின் குகையில். குகையும் பங்கரும் அடைக்கலம் தருவன என்னும் ஒப்புமை அங்கே கல்லாகியது. அக்கட்டடம் 2000ஆம் ஆண்டிலே பிரான்சின் பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னங்களுள் ஒன்றாக ஏற்கப்பட்டது. அச்சத்தின் வடிவை வழிபாட்டின் வடிவாக மாற்றியது துணிந்த செயலே. ஆனால் வடிவம் அதனைப் பெற்றெடுத்த சூழலிலிருந்து எவ்வளவு எளிதாகக் கழன்று வந்துவிடுகின்றது என்பதையும் அது காட்டுகின்றது. நூலின் படங்களில் மனித உருவம் பெரும்பாலும் இல்லை. வெற்று மணலும் வெற்று வானும் நடுவே கல்லும் மட்டுமே. அவ்வெறுமை முதலிற் கண்ணை ஈர்க்கின்றது. பல படங்களைக் கண்டபின் அது ஒரு முடிந்த தீர்ப்புப் போலத் தோன்றத் தொடங்குகின்றது.

இதற்கு நேர்மாறான முறை பிரித்தானியாவிலே கையாளப்பட்டது. டன்கேர்க்கிலிருந்து படை மீண்டபின் 1940 கோடையில் ஜேர்மானியப் படையெடுப்பை எதிர்நோக்கி அந்நாட்டார் கரையிலும் உள்நாட்டிலும் ஆயிரக்கணக்கிற் சிறு காவற்கூடுகளையும் தடைக்கற்களையும் அவசரமாக அமைத்தனர், படை வரவில்லை. 1995 முதல் 2002 வரை பிரித்தானியத் தொல்லியற் பேரவை நடத்திய திட்டத்தில் ஏறத்தாழ அறுநூறு தொண்டர்கள் வயலும் புதரும் புகுந்து தேடி இருபதாயிரம் அளவான இடங்களைப் பதிந்தனர். அப்பட்டியலில் உவமை இல்லை, எகிப்தும் இல்லை. இடம், வகை, நிலைமை என்பனவே உண்டு. படிப்போர்க்கு அலுப்புத் தருவதெனினும் ஒரு சிற்றூரார் தம் ஊர்க் காவற்கூட்டை அதிற் கண்டுகொள்ளல் இயலும். விரிலியோவின் நூலிலோ ஒவ்வோர் அரணும் எல்லா அரண்களுக்கும் பிரதிநிதியாக நிற்கின்றது. தனக்கென ஓர் ஊர் அதற்கு இல்லை. டென்மார்க்கின் புளோவன் கரையிலே 1995இல் ஆங்கிலச் சிற்பி பில் வூட்ரோ சில அரண்களுக்கு இரும்பாலே தலையும் வாலும் பொருத்திக் கோவேறு கழுதைகளாக்கினார். அது கரையில் விளையாடும் சிறுவர்க்கு உவப்பாயிற்று; அதனினும் மிகுதியாக அதிற் பொருள் தேடுதல் வேண்டுவதில்லை.

இன்று இந்நூலின் பயன் அதன் ஆசிரியர் கருதாத வழியிலும் வளர்ந்துள்ளது. பிரான்சின் தென்மேற்குக் கரையில் மணற்குன்றுகள் பின்வாங்கப் பின்வாங்க, ஒருகாலத்திற் குன்றின் உச்சியில் இருந்த அரண்கள் இப்பொழுது அலைகளுக்கிடையே கிடக்கின்றன. அறுபது ஆண்டுகளுக்கு முன் எடுத்த இப்படங்கள் ஆகவே ஆவணங்களாகி விட்டன. அவற்றை ஆவணங்களாகப் படிப்போர் உருவத்தை விட்டு மேற்பரப்பை நோக்குதல் நன்று. இவ்வரண்களின் முகத்திலே கிடையாகவும் நெடுகாகவும் நெருங்கிய வரிகள் காணப்படும். அவை கொங்கிறீற்றை ஊற்றுமுன் அடித்த பலகைகளின் தடம். சில இடங்களில் மரத்தின் கணுவும் இழையும்கூடப் பதிந்திருக்கும். ஒரு பலகையை மற்றொன்றோடு சேர்த்து ஆணி அறைந்த கையின் வேலை அங்கே எழுத்துப்போல் நிற்கின்றது. பொருத்தற்ற கல்லென ஆசிரியர் புகழ்ந்த அதே முகத்திலேயே நூற்றுக்கணக்கான பொருத்துகளின் சுவடு இருக்கின்றது.

உள்ளிருந்தோரின் சுவடுகள் இன்னும் கிடைத்துக்கொண்டிருக்கின்றன. 2008ஆம் ஆண்டில் டென்மார்க்கின் ஹௌவிக் கரையில் ஒரு புயல் மணலை விலக்கியபொழுது, போர் முடிந்த நாள்முதல் மூடிக்கிடந்த அரண்கள் வெளிப்பட்டன; உள்ளே படையினரின் தட்டுமுட்டுகள் விட்டது விட்டபடி இருந்தன. கட்டியோரின் உடைமை அவ்வாறு கிடைப்பது அரிது. அவர்கள் அரணுள் வாழ்ந்தவரல்லர், மரக்கொட்டில்களில் அடைக்கப்பட்டவர், கொட்டில் நிலையாது. ஓல்டர்னியின் சில்ற் முகாமைத் தொல்லியலாளர் நிலத்தைப் பெரிதும் அகழாமலே அளந்து ஆராய்ந்து, 2020இல் 'அன்ரிக்விற்றி' என்னும் ஆய்விதழில் வெளியிட்ட கட்டுரையிலே புல்லின்கீழ் மறைந்த கொட்டில்களின் எல்லைகளையும் காவலர் இருந்த இடங்களையும் வரைந்து காட்டினர். மேலே நிற்பவற்றுள் வழிச்செல்வோர் கண்ணிற் படுவன முகாமின் வாயிற்றூண்கள். அவை கொங்கிறீற்றால் ஆனவை.